பதினொன்றரைக்கு நிற்கும் திரை

14-9-2009, திங்கள்

வெயில். ஆவணி முடிகிற நேரத்தில் இப்படி ஒரு வெயில். லேப் வாசலில் செருப்பு விட இடமில்லை. எல்லாம் காய்ச்சல் கேஸ்.

கம்ப்யூட்டர் மறுபடி ஹேங். பதினொன்றரை சுமாருக்கு. மௌஸ் அம்பு நடுத்திரையில் நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் 9 என்று அடித்து புள்ளி வைத்தேன். அதற்கு அப்புறம் வரவேண்டிய எண் வரவில்லை. மூன்று பட்டனையும் சேர்த்து அமுக்கினேன். ஊஹூம். அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே. ஒரு மணி வரைக்கும் இதே கதை. டெஸ்ட் பார்க்கிற மேரி அக்கா ரிப்போர்ட்டையும் கையால் எழுதினார்.

"பேனா எப்பனா ஹேங் ஆயிருக்குதா? சொல்லு கோமு."

முதலாளி கலியபெருமாள் சார் சிதம்பரத்துக்கு போன் போட்டார். சர்வீஸ்காரர் வந்தபோது 2.15. எப்போது கூப்பிட்டாலும் அதே நேரம்தான். காலை வேலைகளை அங்கே முடித்துவிட்டு ஒரு மணி பஸ் பிடிக்கிறார். வந்து உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது.

சார்: "ஏன் தம்பி, ஒன்ன பாத்தா மட்டும் ஒழுங்கா ஆயிடுது? மாமியா வூட்டுக்கு வந்த மருமவன் மாதிரி."

அவர் சிரித்துக்கொண்டே ஒயரையெல்லாம் ஆட்டிப் பார்த்தார். தூசி தட்டினார். போய்விட்டார்.

அவர் பெயரை எழுதமாட்டேன். அ. போதும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும்.

15-9-2009, செவ்வாய்

ஹேங். 11.32. கடிகாரம் பார்த்துக் குறித்தேன். வெள்ளி 11.30, சனி 11.31, நேற்று சுமார் 11.30. மே. அக்காவிடம் காட்டினேன். "அதுக்கும் டீ டைம் வேணும்ல" என்றார்.

போன மாதம் யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து, ஒரு வருஷ ரிப்போர்ட் ஃபைல் அத்தனையும் காணாமல் போனது. அ. தான் வந்து ஒன்றுவிடாமல் மீட்டுக் கொடுத்தார். மறுபடி வராமலிருக்கப் புதிதாக ஒரு ஆன்ட்டிவைரஸும் போட்டார். அன்று சார் அவர் தோளில் தட்டினார். இன்று: "வேல தெரியுமா தெரியாதா அவனுக்கு?"

வாங்க: ஊக்கு, தலைக்கு ஷாம்பூ, அப்பாவுக்கு இருமல் மருந்து.

16-9-2009, புதன்

காலையில் லேசான மேகம். மழை இல்லை.

அ. வந்தார். 2.15. மே. அக்கா என் காதருகே, "ஒன் சிதம்பரத்தாரு வந்துட்டாரு, போ, லைட்டு புடி." முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தார். ரேம் என்கிற பச்சைப் பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்கப் பற்களைத் தேய்த்தார். பாதி தேய்ந்த ரப்பர். நான் டார்ச் பிடித்தேன்.

"நீங்க என்னா படிச்சீங்க?"

"பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"அட, அப்ப நீங்களே பாக்கலாமே. எதுக்கு என்னக் கூப்புடுறாங்க?"

எனக்கு ஏன் அவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை. சொன்னேன். காலேஜில் மூன்று பேருக்கு ஒரு மெஷின். மற்ற இருவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருந்தது. அவர்கள் அடிப்பார்கள், நான் பக்கத்தில் நோட்டில் எழுதுவேன். மூன்று வருஷம் எழுதினேன். மௌஸை முழுசாகக் கையில் பிடித்தது பிராக்டிகல் பரீட்சையில்தான்.

அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார். "இந்தாங்க, நீங்க மாட்டுங்க. ஒடஞ்சா என் பொறுப்பு."

மாட்டினேன். டக் என்று ஒரு சத்தம். "அவ்ளோதான்" என்றார்.

போகும்போது சொன்னார். சாரின் மச்சான் சிதம்பரத்தில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறார் அல்லவா, அங்கே பதினோரு கம்ப்யூட்டர். வருஷ சர்வீஸ் யாருக்கு என்று விஜயதசமி அன்று கையெழுத்துப் போடப்போகிறார்களாம். சார் ஒரு வார்த்தை சொன்னால் அ.வுக்குத்தான். அது கிடைத்தால் தெற்கு வீதியில் சின்னதாய் ஒரு கடை பிடிப்பாராம். இப்போது மேலவீதியில், சிநேகிதருடைய செல்போன் கடையில் ஒரு மேசை மட்டும். "இந்தப் பையத் தூக்கிகிட்டு பஸ்ல தொங்குறது நிக்கும்" என்றார்.

இன்னும் பன்னிரண்டு நாள்.

17-9-2009, வியாழன்

புரட்டாசி 1. ஹேங் 11.31. ரப்பரால் ஒன்றும் ஆகவில்லை.

அப்பா சிப்காட் கெமிக்கல் கம்பெனியிலிருந்து வந்து சட்டையைக் கொடியில் போட்டார். முற்றம் முழுக்க அந்த நெடி. "ஒங்க மெஷினு இன்னிக்கி ஓடுச்சா பாப்பா?" தினமும் கேட்கிறார். அப்பாவுக்கு நான் மெஷினில் வேலை செய்கிறேன் என்பதில் ஒரு பெருமை.

18-9-2009, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

சார் வெளியே போயிருந்தார். 11.28-க்கே டைப் அடிப்பதை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். சரியாக 11.30. வலதுபக்க மூலையில் கேடயம் மாதிரி குட்டிப் படம் ஒன்று உண்டு, அ. போட்ட ஆன்ட்டிவைரஸ். அது சுற்ற ஆரம்பித்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு இமைக்காமல் எரிந்தது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் நின்றது.

ஒரு மணிக்குத் திரை உயிர் பெற்றதும் கேடயத்தைத் திறந்து தேடினேன். நாலாவது பக்கத்தில் இருந்தது. எல்லா ஃபைலையும் தினமும் சோதிக்கவும். நேரம் 11.30. யாரும் வைக்கவில்லை, அதுவாகவே அப்படித்தான் வருகிறது. புது மெஷின் என்றால் தெரியாது. நம்முடையது கிழம். அணைத்துப் போட்டாலும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. அ. வரும் நேரத்தில் எல்லாம் முடிந்து சமர்த்தாக இருக்கிறது.

நேரத்தை மாற்ற மூன்று தடவை அமுக்கினால் போதும். அம்பை அந்த 11.30-ன்மேல் கொண்டுபோய் வைத்தேன்.

"ஏ கோமு, என்னா அப்படியே ஒக்காந்துட்ட? நீயும் ஹேங்கா?" மே. அக்கா.

மூடிவிட்டேன்.

நாளை அவர் வருகிறார். அவரிடமே சொல்லி அவர் கையாலேயே மாற்றச் சொல்வதுதான் மரியாதை.

இது பாதி உண்மை. சரியாகிவிட்டால் அப்புறம் எதற்கு வருவார்? இந்த வைரஸ் வருவதற்கு முன்னால் ஆறு மாதம் அவர் ஒருதரம்கூட வரவில்லை.

19-9-2009, சனி

அ. 2.15. என்னைப் பார்த்ததும், "இன்னிக்கி முடிவு பண்ணிட்டேங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேருந்து போட்டுடலாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சார் கல்லாவில் இருந்தார், அதனால் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. சார் மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று மணி நேரம். நீலத் திரையில் "இன்னும் 39 நிமிடம்" என்று வரும். பார்த்துக்கொண்டே இருந்தால் அரைமணி கழித்தும் 39. "இதோட நிமிஷமே வேற" என்றார் அ.

பேசியவை: அவருடைய அம்மா இட்லி சுட்டுப் படிக்கவைத்தது. பன்னிரண்டாவதுக்கு மேல் முடியவில்லை, ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ். "நீங்கல்லாம் டிகிரி. இங்கிலீஷ்ல நாலு வரி வந்தா எனக்குப் படிக்கிறதுக்குள்ள கையி நெக்ஸ்ட்ட அமுக்கிடும்." நான் பேசியவை: எங்கள் தெருவில் காற்று திரும்பினால் வரும் நெடி, என் ஹால் டிக்கெட்டில் அப்பா கையெழுத்துக்குப் பதில் வைத்த கைநாட்டு. இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சிதம்பரத்திலிருந்து வாழை இலையில் கத்தரிக்காய்க் கொத்சு கட்டிக்கொண்டு வந்திருந்தார், மே. அக்காவுக்கும் எனக்கும். மே. அக்கா வேண்டுமென்றே தன் பங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஐந்தரைக்கு அதே சிடியைப் போட்டார். அதே ஆன்ட்டிவைரஸ். அடுத்து, அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே போனார். நாலாவது பக்கம் வந்தது. 11.30 என்று இருந்தது. என் கண்ணெதிரே போனது.

நான் இலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே நிக்காது பாருங்க" என்றார். அவ்வளவு நம்பிக்கையாய்ச் சொன்னார்.

20-9-2009, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். துணி, இட்லிக்கு அரைத்தது, அப்பாவின் பூட்ஸ் காயவைத்தது.

அம்மா: "ஏண்டி, கூப்புட கூப்புட கேக்காத மாரி ஒக்காந்திருக்க?"

நாளை காலையில் போனதும் நானே மாற்றிவிடப்போகிறேன். யாருக்கும் தெரியவேண்டாம். ஃபார்மட்டால் சரியானதாகவே இருக்கட்டும். அவருக்கும் நல்ல பெயர்.

21-9-2009, திங்கள்

மாற்றவில்லை.

மாற்றத்தான் உட்கார்ந்தேன். மாற்றிவிட்டால் சனிக்கிழமைதான் கடைசி என்று தோன்றியது. இன்னும் ஒரே ஒரு தடவை வரட்டும் என்று நினைத்தேன். இங்கே எழுதும்போதே எவ்வளவு அசிங்கமாய் இருக்கிறது.

11.30. ஹேங். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா, வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கும் சாப்பிட்ட பிறகு எடுக்கிற சர்க்கரைக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். காலில் புண், கட்டுப் போட்டிருக்கிறார். டாக்டர் 12.30-க்குக் கிளம்பிவிடுவார்.

"என்னாம்மா, பொட்டி தூங்கிடுச்சா?"

"இதோ ஆயிடும்மா."

"எழுப்பு. நான் மீன் யாவாரத்த வுட்டுட்டு வந்திருக்கேன்."

மே. அக்கா அவசரமாகக் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா நொண்டி நொண்டி டாக்டர் வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் கிளம்பிவிட்டார். திரும்பி வந்து வாசல் படியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சார் கத்தினார். காலண்டரைப் பார்த்து, "திங்கக்கெழம பத்தரைலேருந்து எமகண்டம். அதான்!"

"அப்ப செவ்வா, பொதன், வியாழன் எல்லாத்துக்கும் எமகண்டம் பதினொன்றரைக்குத்தானா சார்?" மே. அக்கா.

"நீ சும்மா இரும்மா."

22-9-2009, செவ்வாய்

ஹேங் 11.30. சார் என்னையே போன் செய்யச் சொன்னார். நம்பர் பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டிக்கரில் இருக்கிறது. பார்க்காமலே தெரியும்.

"மறுபடியுமா?" என்றார் அ. "எனக்கே வெக்கமா இருக்குங்க. நாளைக்கி காலைலயே வந்துடுறேன். அது நிக்கிறத என் கண்ணால பாத்தாத்தான் சரிப்படும்."

காலையிலேயே வந்தால் அவரே கண்டுபிடித்துவிடுவார். அப்படியே ஆகட்டும். அதுதான் எல்லாருக்கும் நல்லது. நான் ஒன்றும் சொல்லவேண்டியிராது.

23-9-2009, புதன்

பத்தரைக்கே வந்துவிட்டார். சட்டை புதிது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் கட். மாதத்தில் ஒருநாள் வரும் லைன் பராமரிப்பு, இன்று நம் பக்கத்துக்கு. எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

கருப்புத் திரைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். விசிறிக்குப் பதில் ஒரு ரிப்போர்ட் கவர். பன்னிரண்டு மணிக்கு கரண்ட் வந்தது. தொடங்கிய சோதனை பாதியில் நின்றால்தான் தொடரும், தொடங்கவே இல்லையென்றால் மறுநாள்தான் போலிருக்கிறது. கேடயம் சுற்றவே இல்லை. கம்ப்யூட்டர் வெண்ணெயாய் ஓடியது.

இரண்டு மணி வரைக்கும் பார்த்தார். நிற்கவில்லை.

கூடம் நிறையப் பேஷன்ட். சார் எழுந்து வந்தார். "தம்பி, வேல தெரிஞ்சா தெரியும்னு சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ரப்பர் போட்டுத் தேய்ச்ச. எல்லாத்தையும் அழிச்ச. இன்னம் என்னா பண்ணுவ, மந்திரிப்பியா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அ. என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். தெனம் நிக்குதா இல்லியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையை மட்டும் ஆட்டினேன், நிற்கிறது என்று.

"அப்ப நின்னத ஏன் ஒன்னால சரி பண்ண முடியல?" சார் அவரிடம்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வைரஸுக்கு வந்தபோது என்னை மேடம் என்றவர் அப்புறம் அப்படிக் கூப்பிடவே இல்லை. இன்று மறுபடி மேடம்.

24-9-2009, வியாழன்

ஹேங் 11.30.

சார் போனில் மச்சானிடம்: "வேணாம் மச்சான். அந்தச் சிதம்பரத்துப் பையன நான் சொன்னேன்ல, அத வுட்டுடு. ஒரு மெஷினயே பாக்கத் தெரியல, பதினோரு மெஷின எங்க பாக்கப்போறான்."

ஒன்றும் சாப்பிடவில்லை. மே. அக்காவிடம் வயிற்றுவலி என்றேன்.

25-9-2009, வெள்ளி

சொல்லிவிட்டேன். சொன்னது எப்படி என்பதுதான்.

11.25-க்கு சாரைக் கூப்பிட்டேன். அவர் அறைக்கு நானாகப் போனது இதுவே முதல்முறை. "சார், வந்து பாருங்க. ஆன்ட்டிவைரஸ்தான் நிறுத்துது." கேடயம் சுற்றியதைக் காட்டினேன். திரை நின்றது. ஒரு மணிக்கு நாலாவது பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"எந்த நேரத்துக்கு மாத்துற?"

"ரெண்டேகால் சார். அப்ப கூட்டம் இருக்காது. நின்னாலும் பரவால்ல."

சார் என் தலையில் கை வைத்தார். "அட ஆத்தா! எப்பம்மா கண்டுபுடிச்ச?"

"இன்னிக்கித்தான் சார்."

வாய் தானாகச் சொன்னது. இன்னிக்கித்தான்.

நான் நினைத்தது: இது சின்ன விஷயம், அவர்மேல் தப்பில்லை, அவர் வரும் நேரத்தில் தெரிய வழியில்லை என்று சாருக்குப் புரியும், மச்சானிடம் மாற்றிச் சொல்வார். "அவரு வர்ற நேரத்துல வைரஸ் ஸ்கேன் முடிஞ்சிடும் சார், அதனால அவருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

சார் கேட்கவே இல்லை. அதற்குள் போன். "மச்சான், கேட்டியா, நம்ம பொண்ணு பாத்த ஒடனே புடிச்சிருச்சு! அந்தப் பய இது ஒண்ணுக்கு எத்தினி நடை நடந்தான், எம்மாம் ஏமாத்து வேல! இனிமே எனக்கு சர்வீஸுக்கு ஆளே வேணாம்."

மே. அக்கா ஊசியை வைத்துவிட்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

27-9-2009, ஞாயிறு

ஆயுத பூஜை. தூறல். லேபில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மைக்ராஸ்கோப்புக்கு, ஃப்ரிட்ஜுக்கு. கம்ப்யூட்டர் திரைக்கு மூன்று பட்டையாய் சார் விபூதியே பூசிவிட்டார். "கோமதி, நீதான் கற்பூரம் காட்டணும்" என்றார். காட்டினேன். பொரி, கடலை, சுண்டல்.

மே. அக்கா சர்ச் முடித்து வந்தார், சுண்டலுக்காக. என்னைப் பின்பக்கம் குழாயடிக்கு அழைத்துப் போனார்.

"எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?"

சுண்டல் தொன்னையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"முந்தின வெள்ளிக்கெழம மௌஸ புடிச்சிகிட்டு செல மாரி ஒக்காந்திருந்த. அப்பவேதான?"

தலையசைத்தேன்.

"அடிப்பாவி. புடிச்சிருந்தா அவன்கிட்ட புடிச்சிருக்குன்னு சொல்லணும். இதுக்கா அந்தப் புள்ளைய நாலு பேரு எதுருல நிக்க வெச்ச?"

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் என் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "போயி நேர்ல சொல்லு. போன்ல வேணாம், போன்ல நீ மூச்சுதான் வுடுவ."

28-9-2009, திங்கள்

விஜயதசமி. லேபுக்கு லீவு கேட்டேன். அம்மாவிடம் சிதம்பரம் கோயிலுக்கு என்றேன். "அர்ச்சன பண்ணிட்டு வா" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம். புதுச்சத்திரம் வரைக்கும் ஒரு வாக்கியம், பி.முட்லூர் தாண்டியதும் அதை மாற்றி வேறு ஒன்று. வெள்ளாற்றுப் பாலத்தில் மூன்றே வார்த்தையாக்கிவிட்டேன். நீங்க மறுபடி வரணும்னுதான். அவ்வளவுதான் சொல்லவேண்டியது.

மேலவீதி. செல்போன் கடை. வாசலில் வாழைக்கன்று. உள்ளே ஓரத்தில் அவர் மேசை, அதற்கும் சந்தனப் பொட்டு.

"அட, நீங்களா!" எழுந்து ஸ்டூலைத் துடைத்தார்.

சொன்னேன். ஆன்ட்டிவைரஸ். தினமும் பதினொன்றரை. எல்லா ஃபைலும்.

"ச்சே!" நெற்றியில் அடித்துக்கொண்டார். முகமெல்லாம் வெளிச்சம். "நான் வர்றதுக்குள்ள அது முடிஞ்சிருக்கும். அதான்! பழைய மெஷினு, ரேம் கம்மி, தாங்கல. ஐயோ, இது தெரியாம பெட்டியப் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்தேனே." ஒரு பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். "எப்படிங்க புடிச்சீங்க? எப்ப?"

இன்னிக்கித்தான் என்று இங்கேயும் வாயில் வந்தது.

"பதினெட்டாம் தேதி."

மேசைமேல் விரலால் எண்ணினார்.

"நான் ஃபார்மட் பண்ணது பத்தொம்பது."

"ம்."

"பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க."

"ம்."

"அந்தப் பக்கம் வந்துருக்குமே. நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போனப்ப."

"வந்துச்சி."

"பொதங்கெழம? சார் கேக்கறப்ப?"

நான் சுவரில் தொங்கிய கவர்களை எண்ணினேன். சிவப்பு நாலு, கருப்பு ஏழு.

"ஏங்க?"

அவர் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார், பேனாவை மூடிவிட்டு. பாலத்தில் தயாராய் இருந்த மூன்று வார்த்தையும் வரிசையாய் நினைவில் இருந்தன.

"தெரியல" என்றேன்.

"டிகிரி படிச்சவங்க, இவன் என்னா பண்றான்னு பாத்துகிட்டு இருந்தீங்களா?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ.

ஒருவர் சார்ஜர் கேட்டு வந்தார். அ. எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தார். பெட்டியைப் பிரித்து, மாட்டிக் காட்டி, மறுபடி மூடி. திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. கூட்டம் இருக்காது."

கோயிலுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

29-9-2009, செவ்வாய்

மழை. பெரிய மழை இல்லை.

சார் வந்ததும் வராததுமாய், "கோமதி, மச்சான் கேக்குறான். வாரத்துக்கு ஒருநா சிதம்பரம் போயி அவன் மெஷினையும் ஒரு பார்வ பாத்துட்டு வந்துடேன். நீதான் இப்ப நம்ம எஞ்சினியரு."

"மாட்டேன் சார்."

நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. அவருக்கே கேட்கவில்லை போல.

"எனக்குப் பதினெட்டாந் தேதியே தெரியும் சார். வேணும்னே சொல்லல. அவரு ஏமாத்தல. நான்தான் ஏமாத்துனேன்."

"ஏம்மா?"

மறுபடி அதே கேள்வி. அழுகை வந்துவிட்டது. மே. அக்கா உள்ளிருந்தே, "வுடுங்க சார். அவருமேல தப்பில்ல, அத மச்சானுக்குச் சொல்லுங்க. மத்தத அப்பறம் கேளுங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை. உடனே போன் போட்டார். ஸ்பீக்கரில் மச்சான் குரல்:

"நேத்து காலைலயே பாண்டிச்சேரி ஆளுங்களுக்குக் கையெழுத்து போட்டுட்டேனே மாமா. விஜயதசமி, நல்ல நேரம் பத்து மணிக்கின்னு ஐயரு சொன்னாரு. எஞ்சினியரு பொண்ணு வாரம் ஒருநா வந்தா கூடுதலா நல்லதுன்னுதான் கேட்டேன். ஏன்?"

பத்து மணிக்கு நான் புதுச்சத்திரத்தில், எந்த வார்த்தை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சார் அ.வுக்கும் போன் செய்தார். மன்னிச்சிடு தம்பி, மறுபடியும் நீயே வா என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரென்று எனக்குக் கேட்கவில்லை. சார் போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "மெஷினுதான் நல்லா ஓடுதே சார், எதுக்கு வரணும்ங்கிறான்."

30-9-2009, புதன்

வானம் வெளுத்துவிட்டது. துணி காயும்.

11.30. கேடயம் சுற்றவில்லை. 11.40-க்கு ரிப்போர்ட் எல்லாம் கையில். தேவனாம்பட்டினத்து அம்மா வந்திருந்தார். புண் ஆறிவருகிறதாம்.

"பொட்டி முழிச்சிருக்குதா இன்னிக்கி?"

"முழிச்சிருக்கும்மா."

"நீதான் சரி பண்ணுனியாமே. கெட்டிக்காரப் பொண்ணு."

அப்பாவுக்கு இருமல் மருந்து மறுபடி வாங்கணும். மே. அக்கா நாளை லீவு.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். சரியாக 2.15-க்குக் கேடயம் சுற்றியது. இரண்டு நிமிடத்தில் திரை நின்றது. வாசல் கதவைப் பார்த்தேன். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.